வெற்றுக் கண்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கும் சேவைகள்: கொழும்பில் எது காசுக்குத் தகும்?

கொழும்புத் துறைமுகம் வழியாக முழுக் கண்டெய்னரில் சரக்கு எடுப்பவர்களுக்கு, தாமதக் கட்டணத்திலிருந்து தப்ப வழி என்று நாலு விதமான சேவைகள் விற்கப்படுகின்றன. கப்பல் கம்பனிகளின் ஒன்லைன் கண்காணிப்பும் கட்டணக் கணிப்பானும் ஒன்று. கூடுதல் இலவச நாட்களை (தாமதக் கட்டணம் ஓடாத நாட்களை) முன்கூட்டியே பேசி வாங்குவது இன்னொன்று. கிளியரிங் (சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும் வேலை), ப்ரைம் மூவர் (பெட்டியை இழுக்கும் வண்டி), வெற்றுப் பெட்டி திருப்புதல் எல்லாம் சேர்த்துத் தரும் 'ஃபுல் பெக்கேஜ்' மூன்றாவது. சரக்கை யார்டிலேயே (வெற்றுப் பெட்டிகளைத் திரும்ப ஏற்கும் முற்றத்திலேயே) இறக்கிச் சின்ன லொறிகளில் அனுப்புவது நாலாவது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கூடுதல் இலவச நாட்கள், புக்கிங்குக்கு முன் வாங்கினால், பெரும்பாலானோருக்குக் காசுக்குத் தகும். ஒன்லைன் கண்காணிப்பு இலவசம். பாவிக்காமல் விடக் காரணமே இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. யார்டில் இறக்குவது சில சரக்குக்குத்தான் பொருந்தும். ஃபுல் பெக்கேஜை வாங்கலாமா என்பது ஒரே ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது: சரக்கு இறங்கி முடிந்த நிமிடத்திலிருந்து வெற்றுப் பெட்டி யார்டின் கேட்டுக்குள் போகும் வரை பொறுப்பு யாருடையது? இதற்கு எழுத்தில் பதில் தராத கம்பனி எவ்வளவு மலிவாக விலை சொன்னாலும் வேண்டாம். தவிர்த்திருக்கக்கூடிய காசு அதிகம் போவது அந்தக் கடைசித் துண்டுப் பயணத்தில்தான்.

எதற்கு எவ்வளவு ஓடுகிறது

புறக்கோட்டையில் எல்லாவற்றையும் சேர்த்து 'டிமரேஜ்' என்று சொல்லிவிடுவார்கள். பில்லைச் சரிபார்க்க வேண்டுமென்றால் மூன்றையும் பிரித்தே பார்க்க வேண்டும். முதலாவது, துறைமுகத்துக்குள் இடம் பிடித்து நிற்பதற்கான முனைய வாடகை. இது முனையத்துக்குப் போகிற காசு. இரண்டாவது, நிரம்பிய பெட்டி இலவச நாளுக்கு மேல் துறைமுகத்துக்குள் நிற்பதற்காகக் கப்பல் கம்பனி எடுக்கும் டிமரேஜ். மூன்றாவது, பெட்டி வெளியே போன பிறகு இலவச நாளுக்குள் வெறுமையாகத் திரும்பாவிட்டால் அதே கம்பனி எடுக்கும் டிடென்ஷன். முதலும் இரண்டாவதும் ஒரே நாளில் ஒரே பெட்டிக்கு ஒன்றாக ஓடும். கப்பல் கம்பனி இரக்கப்பட்டுத் தன் பங்கை விட்டாலும் முனைய வாடகை நிற்காது.

சில கம்பனிகள் டிமரேஜுக்குத் தனி இலவச நாள், டிடென்ஷனுக்குத் தனி இலவச நாள் கொடுக்கும். சில கம்பனிகள் இரண்டையும் ஒன்றாக்கி, பெட்டி கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் வெறுமையாகத் திரும்பும் நாள் வரை ஒரே கணக்காக எண்ணும். ஒன்றான கணக்கில் சுங்கத்தில் இழந்த நாளை ஸ்டோரில் வேகமாக இறக்கி ஈடு செய்யலாம். தனித்தனிக் கணக்கில் அது முடியாது. துறைமுகத்துக்குள் மிச்சம் பிடித்த நாளும் வெளியே உதவாது.

கணக்கு எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு கற்பனைப் பட்டியல்: ஒன்றான கணக்கு, 7 நாள் இலவசம், 8ஆம் நாள் முதல் 12ஆம் நாள் வரை நாளுக்கு 20 டொலர், 13ஆம் நாளிலிருந்து 40 டொலர். பெட்டி 16ஆம் நாள் திரும்பினால் முதல் ஐந்து நாளுக்கு 100 டொலர், அடுத்த நாலு நாளுக்கு 160 டொலர், மொத்தம் 260. ஒரே பில் ஒஃப் லேடிங்கில் (கப்பலில் ஏறிய சரக்குக்கான ஆவணத்தில்) மூன்று பெட்டி என்றால் 780. ஐந்து நாளில் ஏறியதைவிட அடுத்த நாலு நாளில் ஏறியது அதிகம். ரூபாவில் கட்டும்போது எந்த மாற்று விகிதம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் ஏஜண்ட் பாவிக்கும் டொலர் விகிதம் வங்கியில் பார்க்கும் விகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றில்லை.

ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறையும்) பொதுவாக இந்தக் கணக்கில் கழிபடுவதில்லை. இலவச நாள் போயா தினத்தில் முடிகிறது, அன்றைக்கு யார்டு மூடியிருக்கிறது என்றால், உண்மையில் உங்களுக்கு ஒரு நாள் குறைவு. ஏப்ரல் 13, 14ஐ ஒட்டி வரும் கப்பலுக்கும், வெசாக்கின் இரண்டு நாள் விடுமுறைக்கும் இது இன்னும் கடுமை. சட்டப்படியான விடுமுறைக்கு முன்பின்னாக நாட்டாமிமாரும் (சுமை இறக்குபவர்களும்) சாரதிமாரும் ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஒன்லைன் கண்காணிப்பு: நல்லது, ஆனால் பாதிதான் காட்டும்

மெர்ஸ்க், எம்.எஸ்.சி., சி.எம்.ஏ. சி.ஜி.எம்., ஹபாக்-லொய்ட், ஒன் (ONE) ஆகிய எல்லாப் பெரிய கம்பனிகளின் தளத்திலும் கண்டெய்னர் இலக்கத்தையோ பில் ஒஃப் லேடிங் இலக்கத்தையோ போட்டுப் பெட்டி எங்கே என்று பார்க்கலாம். கண்டெய்னர் இலக்கம் நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணித்து வருவது என்பதால் எங்காவது ஒன்று பிழைத்தால் பெரும்பாலும் தளமே ஏற்காது. பல கம்பனிகள் நாடு வாரியாக டிமரேஜ், டிடென்ஷன் கட்டணப் பட்டியலையும் போட்டிருக்கின்றன. சிலவற்றில் திகதியைக் கொடுத்தால் தொகையைக் கணித்துக் காட்டும் கருவியும் உண்டு.

இந்தத் தளங்களில் கவனிக்க வேண்டியது மூன்று திகதிகளைத்தான்: கப்பலிலிருந்து இறங்கிய திகதி, நிரம்பிய பெட்டி முனையத்தின் கேட்டைத் தாண்டிய திகதி, வெற்றுப் பெட்டி யார்டுக்குள் புகுந்த திகதி. கப்பல் வரும் திகதியை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவார்கள். வெளித் துறையில் நங்கூரமிட்டு நின்ற கப்பல் இரண்டு நாள் கழித்துப் பெட்டியை இறக்கியிருக்கலாம். இறக்கிய திகதியிலிருந்துதான் கணக்கு என்றால் அந்த இரண்டு நாளும் உங்களுக்குச் சாதகம்.

எந்த முனையத்தில் இறங்கியது என்பதையும் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஜய முனையம், கிழக்கு முனையம், 1999இல் தொடங்கிய சாக்ட், 2013இல் தொடங்கிய சி.ஐ.சி.டி., 2025இல் இயங்கத் தொடங்கிய மேற்கு முனையம் என்று இப்போது பல. பிழையான கேட்டில் வரிசை பிடித்த ப்ரைம் மூவருக்கு அரை நாள் போய்விடும்.

குறை என்னவென்றால், பொதுக் கணிப்பான் காட்டுவது பொதுப் பட்டியலை மட்டுமே. உங்களுக்கென்று பேசி வாங்கிய கூடுதல் நாட்கள் அதில் வராமல் போகலாம். யார்டு வெற்றுப் பெட்டியைப் பதிந்தாலும் கம்பனியின் தளத்தில் ஏறுவதற்கு நேரமெடுக்கும். சிலவேளை ஏறவே ஏறாது. அப்போது உங்கள் பெயரில் டிடென்ஷன் ஓடிக்கொண்டேயிருக்கும். பெட்டியைக் கொடுத்த மறுநாள் தளத்தைத் திறந்து, 'எம்ப்டி' திரும்பியதாகக் காட்டுகிறதா என்று பார்த்து, திரையைப் படம் பிடித்து வையுங்கள். காட்டாவிட்டால் ஈ.ஐ.ஆர். (பெட்டியை ஏற்றபோது அதன் நிலையைக் குறித்து யார்டு தரும் சீட்டு) பிரதியோடு அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் டெபொசிட்டைத் (பெட்டிக்காகக் கட்டிய வைப்புப் பணத்தை) திருப்பி எடுக்கும் நேரத்தில் வரும் சண்டைகளில் கணிசமானவை இதைச் செய்யாததால் வருபவை.

கூடுதல் இலவச நாட்கள்: வாங்கும் நேரம்தான் விலையைத் தீர்மானிக்கும்

சில கப்பல் கம்பனிகள் இதை ஒரு தனிச் சேவையாகவே விற்கின்றன. மற்றவற்றில் விற்பனைப் பிரிவோடு பேசி வாங்க வேண்டும். புக்கிங்குக்கு முன் கேட்டால் கப்பல் கூலியோடு சேர்த்துப் பேரம் பேசலாம். வேறு கம்பனிக்குப் போய்விடுவீர்கள் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. பெட்டி கொழும்பில் இறங்கிய பிறகு கேட்டால் அது வெறும் மன்றாட்டம். ஓடிய கட்டணத்தில் கழிவு கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

யார் பேசுவது என்பதில்தான் சிக்கல். சி.ஐ.எஃப். விலைக்கு (கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலைக்கு) வாங்கினால் கப்பல் கம்பனியைத் தேர்ந்தெடுப்பவர் அனுப்புகிறவர். தூத்துக்குடியிலோ ஷங்ஹாயிலோ இருக்கும் அவருக்குக் குறைந்த கூலிதான் முக்கியம். கொழும்பில் எத்தனை நாள் இலவசம் என்பது அவருடைய தலைவலி இல்லை. எனவே கொள்வனவு ஒப்பந்தத்திலேயே, 'கொழும்பில் 14 நாள் இலவசம், பில் ஒஃப் லேடிங்கில் எழுதப்பட வேண்டும்' என்று ஒரு வரி போடுங்கள். எல்.சி. (வங்கியின் கடன் கடிதம்) திறந்தால் அதன் நிபந்தனைகளிலும் சேர்க்கலாம். எஃப்.ஓ.பி. (கப்பல் கூலி சேராத விலை) என்றால் பேச்சு உங்கள் கையில்.

எழுதப்பட வேண்டியது எந்தப் பில்லில் என்பது இன்னொரு பொறி. ஃபோர்வடர் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் இடைநிலைக் கம்பனி) தன் பெயரில் கொடுக்கும் ஹவுஸ் பில்லில் 14 நாள் என்று அச்சடித்திருந்தாலும், கப்பல் கம்பனி தானே கொடுக்கும் மாஸ்டர் பில்லையும் தன் ஒப்பந்தத்தையும்தான் பார்க்கும். ஹவுஸ் பில்லில் உள்ளதை ஃபோர்வடர்தான் காப்பாற்ற வேண்டும். மாஸ்டர் பில்லின் பிரதியையோ, கப்பல் கம்பனியின் உறுதி மின்னஞ்சலையோ சரக்கு ஏறும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

விற்பனைப் பிரிவிடம் கேட்க வேண்டிய இன்னொன்றைக் கேட்க மறப்பவர்கள் அதிகம். இலவச நாள் நீண்டால் கட்டணப் படியும் சேர்ந்து நகருமா? மேலே சொன்ன கற்பனைப் பட்டியலில் 7 நாளை 14 ஆக்கினோம் என்று வையுங்கள். படி நகர்ந்தால் 15ஆம், 16ஆம் நாளுக்கு 20 டொலர் வீதம் 40. படி நகராமல் இறங்கிய நாளிலிருந்தே எண்ணினால், 13ஆம் நாளைத் தாண்டிவிட்டீர்கள் என்று 40 வீதம் 80. வாங்கிய நாள் ஒன்றுதான், விலை இரட்டிப்பு.

எல்லோருக்கும் 21 நாள் தேவையில்லை. உரிய நேரத்தில் ஆவணங்கள் வந்து சேரும், சோதனைக்குப் பெரிதாக மாட்டாத, பலெட்டில் அடுக்கி வரும் சரக்கு என்றால் சாதாரண இலவச நாளே போதும். மாவு, பருப்பு, செத்தல் மிளகாய், மசாலாப் பொருள், விதை, தொலைத்தொடர்புக் கருவி போன்றவற்றுக்கு உணவுப் பரிசோதனை, தாவரத் தொற்றுத்தடுப்பு, தரக்கட்டளை நிறுவனம், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று ஏதாவதோர் அனுமதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆய்வுகூட அறிக்கைக்குக் காத்திருக்கும் நாட்கள் எல்லாம் உங்கள் கணக்கில் ஓடும் நாட்கள். இப்படிப்பட்ட சரக்குக்குக் கூடுதல் நாள் வாங்காமல் இருப்பது கஞ்சத்தனம் கூட இல்லை, கணக்குத் தெரியாமை.

குளிரூட்டிய பெட்டிகளுக்கு இலவச நாள் குறைவு, நாள் கட்டணம் அதிகம், அதற்கு மேல் துறைமுகத்தில் மின்சார இணைப்புக்கான கட்டணமும் தனி. உருளைக்கிழங்கையோ அப்பிளையோ ரீஃபரில் எடுப்பவர், ஆவணம் கையில் இல்லாமல் பெட்டியை இறங்க விடவே கூடாது.

ஃபுல் பெக்கேஜ்: எதைப் பார்த்து வாங்குவது

ஒரு நல்ல கிளியரிங் சேவையைக் கப்பல் வருவதற்கு முன்பே அடையாளம் காணலாம். கப்பல் வர ஐந்து நாள் இருக்கும்போதே இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், பில் ஒஃப் லேடிங் பிரதி, தேவையான அனுமதிப் பத்திரம் எல்லாம் கேட்டுத் தொல்லை கொடுப்பவர்கள் நல்லவர்கள். மெனிஃபெஸ்ட் (கப்பலின் சரக்குப் பட்டியல்) அசிகுடாவில் (சுங்கத்தின் கணினி முறைமையில்) ஏறியதா, பெறுநர் பெயரும் வரி இலக்கமும் நிறையும் பொதி எண்ணிக்கையும் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே பார்ப்பார்கள். ஓர் எழுத்துப் பிழைக்கு மெனிஃபெஸ்ட் திருத்தம் என்றால் நாட்கள் போகும். கஸ்டெக்கைக் (சுங்கப் பிரகடனத்தை) கப்பல் வந்த பிறகு மெதுவாக டைப் பண்ணும் கந்தோரிடம் வேலை கொடுத்தால், இலவச நாளில் பாதி அவர்களுடைய மேசையிலேயே முடிந்துவிடும்.

அசல் பில் வங்கியில் மாட்டிக்கொள்வது இன்னொரு பழைய நோய். சரக்கு பக்கத்து இந்தியத் துறைமுகத்திலிருந்து இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், எல்.சி. ஆவணங்கள் வங்கி வங்கியாக ஆடி அசைந்து வரும். நம்பகமான அனுப்புநர் என்றால், அசல் பில் இல்லாமலே சரக்கை எடுக்க உதவும் டெலக்ஸ் ரிலீஸ் அல்லது சீ வேபில் கேளுங்கள். எல்.சி. என்றால் வங்கியின் ஷிப்பிங் கேரண்டியை (அசல் பில்லுக்குப் பதிலான வங்கி உத்தரவாதத்தை) கொடுத்து டி.ஓ. (பெட்டியை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஓர்டர்) எடுக்கலாம். கேரண்டிக்கு வங்கி எடுக்கும் தரகையும், நாளொன்றுக்கு ஓடும் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். அசல் பில் வந்ததும் கொடுத்துக் கேரண்டியை மீட்க மறக்க வேண்டாம்.

டி.ஓ. எடுக்கும்போது அதில் ஒரு செல்லுபடித் திகதியும், வெற்றுப் பெட்டி கொடுக்க வேண்டிய யார்டின் பெயரும் இருக்கும். இந்த இரண்டையும் வார்ஃப் கிளார்க் (துறைமுக வேலையைப் பார்க்கும் கிளியரிங் ஊழியர்) படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதை வேலை நிபந்தனையாகவே வையுங்கள். கண்டெய்னர் டெபொசிட் கேட்டால் இரசீது யார் பெயரில் என்று பாருங்கள். கிளியரிங் ஏஜண்டின் பெயரில் போட்டுவிட்டு, திரும்பி வந்த காசு அடுத்த வேலையின் கணக்கில் கலந்துவிடுவது இந்தத் தொழிலில் புதிதில்லை.

சிவப்பு வழியில் (நேரடிச் சோதனைக்கான பிரிவில்) விழுந்தால் பெட்டி ஒருகொடவத்தைப் பக்கத்துச் சுங்கச் சோதனை முற்றத்துக்குப் போகும். இங்கே ஒரு நுணுக்கம். முனையத்தின் கேட்டைத் தாண்டியதும் கப்பல் கம்பனியின் பார்வையில் பெட்டி 'வெளியே' போய்விட்டது. தனித்தனிக் கணக்கு என்றால் டிடென்ஷன் அப்போதே தொடங்கிவிடும். உங்கள் ஸ்டோருக்கு இன்னும் வரவில்லை, நாட்டாமிமார் கை வைக்கவில்லை, ஆனாலும் நாள் ஓடுகிறது. 2025 ஜனவரியில் கண்டெய்னர்கள் தேங்கியதும், நேரடிச் சோதனையில்லாமல் 323 பெட்டிகள் விடுவிக்கப்பட்டது பெரும் சர்ச்சையானதும் நினைவிருக்கும். அப்படியான வாரங்களில் எந்த ஏஜண்டாலும் மாயம் செய்ய முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: முற்றத்தில் நுழைந்த, சோதனைக்கு எடுத்த, விடுவித்த திகதிகளை ஆவணத்தோடு வைத்திருந்து கழிவுக்கு எழுதுவது. அந்தக் கோப்பைத் தாங்களே தயார் செய்து தரும் சேவைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

இனி முக்கியமான கடைசித் துண்டு. விலைப்பட்டியலில் 'ட்ரான்ஸ்போர்ட்' என்று ஒரு வரிதான் இருக்கும். அது துறைமுகத்திலிருந்து ஸ்டோர் வரைக்குமா, ஸ்டோரிலிருந்து யார்டு வரைக்குமா, இரண்டுமா? ஸ்டோர் வாசலில் எத்தனை மணி நேரம் காத்திருப்பு இலவசம்? யார்டு மாற்றிச் சொன்னால் கூடுதல் தூரத்துக்கு யார் கொடுப்பது? ஸ்டோர் கொழும்பு 11இல் இருந்து, யார்டு வத்தளை–மாபோலைப் பக்கம் என்றால் இது சின்ன விஷயமில்லை. நெரிசல் நேரத்தில் நகருக்குள் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. காலையில் சரக்கு இறங்கி முடிந்தாலும் ப்ரைம் மூவர் நினைத்த நேரத்தில் நகர முடியாது.

24 தொன் பருப்பு, 25 கிலோ மூட்டை என்றால் 960 மூட்டை. பலெட் இல்லாமல் தரையிலிருந்து கூரை வரை அடுக்கி வந்ததை முதுகில் சுமந்து இறக்க ஆறு பேர் என்றால் ஆளுக்கு 160 மூட்டை. நாலாம் குறுக்குத் தெரு மாதிரி இடத்தில் பகலில் 40 அடிப் பெட்டியை நிறுத்தி இதைச் செய்ய நினைப்பவர் டிடென்ஷனுக்கு முன் பொலிஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். எனவே பெட்டி வருவதற்கு முதல் நாளே நாட்டாமிமாரை உறுதி செய்து, பெட்டி வரும் நேரத்தை அவர்களுடைய நேரத்தோடு பொருத்தித் தரும் சேவைதான் உண்மையான ஃபுல் பெக்கேஜ். ட்ரெய்லரை மட்டும் விட்டுவிட்டு ப்ரைம் மூவர் வேறு வேலைக்குப் போய்விடும் முறையில் காத்திருப்புக் காசு குறையும். ஆனால் திரும்ப வந்து கொளுவுவதற்கு நேரம் எழுதாவிட்டால், காலியான பெட்டி உங்கள் வளவில் இரண்டு நாள் நிற்கும். கடைசிக் கட்டணங்களில் இந்த 'காலியாகி நின்ற' நாட்கள் அடிக்கடி வரும். இவைதான் முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடிய நாட்கள்.

யார்டில் நடப்பவை

வெற்றுப் பெட்டி யார்டுகள் ஒருகொடவத்தை, பேலியகொடை, களனி, வத்தளைப் பக்கங்களில் பரவிக் கிடக்கின்றன. யார்டு நிரம்பிவிட்டால் கப்பல் ஏஜண்ட் வேறு யார்டுக்கு மாற்றிச் சொல்லும். ப்ரைம் மூவரை அனுப்பும் முன் ஒரு தடவை அழைத்து யார்டை உறுதி செய்யுங்கள். தொலைபேசியில் மாற்றிச் சொன்னால் அதை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். களனி ஆறு பெருகும் நாட்களில் இந்தப் பக்கத்து வீதிகளே மூடப்படலாம். மழை எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் முந்திக்கொள்வதே புத்தி.

கணக்கை நிறுத்துவது யார்டு கேட்டில் பதியும் நேரம். வெளியே வரிசையில் நின்ற நேரம் கணக்கில் இல்லை. இலவச நாளின் கடைசி மாலையில் வரிசை நீண்டு கேட் மூடிவிட்டால், வரிசையில் நிற்கும் பெட்டியை இலக்கம் தெரியும்படி சாரதி படமெடுக்க வேண்டும். அன்றிரவே கப்பல் ஏஜண்டுக்கு மின்னஞ்சல் போக வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பெட்டியின் நிலை இன்னொரு செலவு வாசல். துறைமுகத்திலிருந்து எடுக்கும்போதே பக்கச்சுவர் நசுங்கல், கதவு ரப்பர் கிழிசல், தரைப் பலகை உடைவு எல்லாம் வெளியேறும் சீட்டில் எழுதப்பட வேண்டும். எழுதாமல் எடுத்தால் அந்தக் காயம் உங்கள் காயம். காலியானதும் ஒருவர் உள்ளே நின்று கதவை மூடிப் பார்த்தால் ஓட்டை இருந்தால் வெளிச்சம் தெரியும். ஆணி, மரக்கட்டை, கட்டிய பட்டி, அபாயப் பொருள் ஒட்டிகள் எல்லாவற்றையும் அகற்றிப் பெருக்குங்கள். மஞ்சள், கருவாடு, எண்ணெய் மாதிரி மணமும் கறையும் விடும் சரக்கு என்றால் யார்டு கழுவு கூலி போடுவதற்கு முன் நீங்களே கழுவிக் காயவிடுவது மலிவு. நாலு பக்கம், உள்தரை, உள்கூரை, கதவு, இலக்கம் என்று எட்டுப் படங்கள் எடுத்து வையுங்கள். ஈ.ஐ.ஆரில் 'டேமேஜ்' என்று எழுதினால் சாரதி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. அங்கிருந்தே அழைக்க வேண்டும்.

யார்டில் இறக்குவதும் மற்ற வழிகளும்

ஸ்டோர் நிரம்பிக் கிடக்கிறது, அல்லது பெட்டி உள்ளே வர வீதியில்லை என்றால் யார்டிலேயே சரக்கை இறக்கிச் சின்ன லொறிகளில் எடுப்பது நல்ல வழி. பெட்டி அன்றைக்கே காலியாகும். செலவு எங்கே ஏறும் என்றால் இரண்டு தடவை கை மாறும் கூலி, நனைவு, மூட்டை கிழிவு. சீனி, மாவு, கண்ணாடி, ஓடு எடுப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். துணி, பிளாஸ்டிக், உதிரிப்பாகம் என்றால் தாராளமாக. ஆய்வு அறிக்கைக்குக் காத்திருக்கும் சரக்கைச் சுங்க அனுமதியோடு பொண்டட் களஞ்சியத்தில் (சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள களஞ்சியத்தில்) இறக்கிப் பெட்டியை விடுவிக்க முடியுமா என்று கிளியரிங் ஏஜண்டிடம் கேளுங்கள். முடிந்தால் களஞ்சிய வாடகை டிடென்ஷனைவிடப் பெரும்பாலும் மலிவு.

சரக்கு 12, 13 கன மீற்றருக்குக் குறைவு என்றால் முழுப் பெட்டி எடுப்பதையே மறுபரிசீலனை செய்யலாம். எல்.சி.எல். (பிறர் சரக்கோடு ஒரே பெட்டியைப் பகிர்வது) எடுத்தால் வெற்றுப் பெட்டி உங்கள் தலையில் இல்லை. அங்கேயும் களஞ்சிய வாடகை ஓடும் என்பதால் தூங்கிவிட முடியாது.

பில் வந்த பிறகு

கட்டண பில்லில் கண்டெய்னர் இலக்கம், இறங்கிய திகதி, வெளியேறிய திகதி, திரும்பிய திகதி, இலவச நாட்களின் எண்ணிக்கை, படி வாரியான விகிதம், டொலர் மாற்று விகிதம் எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள். அமெரிக்காவில் 2024 மே 28 முதல் இப்படியான விபரங்கள் இல்லாத பில்லுக்குக் காசு கட்டத் தேவையில்லை, கடைசியாகக் கட்டணம் ஓடிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பில் அனுப்பப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. அது கொழும்பைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எதையெல்லாம் கேட்கலாம் என்பதற்கு நல்ல மாதிரிப் பட்டியல்.

பல பில் ஒஃப் லேடிங்குகள் ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் இருப்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சிட்டகொங்கில் 35 கண்டெய்னர் பஞ்சு எடுப்பாரில்லாமல் கிடந்த வழக்கில், எம்.எஸ்.சி.க்கும் கொட்டனெக்ஸுக்கும் இடையில், 2016இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் டிமரேஜ் முடிவில்லாமல் ஓட முடியாது என்று தீர்த்தது. தாமதம் நீண்டு ஒப்பந்தத்தின் வணிக நோக்கமே பயனற்றுப் போன கட்டத்தோடு நாள் கணக்கும் நின்றுவிடும் என்பதே சாரம். பத்துப் பதினைந்து நாள் தாமதத்துக்கு இது உதவாது. மாதக்கணக்கில் வழக்கிலோ பறிமுதலிலோ மாட்டிக்கொண்ட சரக்கு என்றால் சட்டத்தரணியிடம் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

டி.ஓ. வேண்டும் என்பதற்காக பில்லை உடனே கட்ட வேண்டியிருந்தால், ஆட்சேபத்துடன் கட்டுகிறோம் என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டுக் கட்டுங்கள். டெபொசிட் மீளப்பெறும் விண்ணப்பத்துக்கு இரசீதின் மூலப்பிரதி, டி.ஓ. பிரதி, ஈ.ஐ.ஆர்., வங்கிக் கணக்கு விபரம் என்ற நாலையும் ஒரே கோப்பில் வைத்து, பெட்டி திரும்பிய வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கப்பல் ஏஜண்டின் கணக்குப் பிரிவு கழுவு கூலி, திருத்தக் கூலி என்று ஏதாவது கழித்திருந்தால் யார்டின் மதிப்பீட்டுச் சீட்டையும் படத்தையும் கேளுங்கள். நீங்கள் எடுத்த எட்டுப் படங்கள் அப்போதுதான் வேலைக்கு வரும்.